விடுதலைக்குப் பிந்தைய பதினான்கு நாட்கள்

'விடு' என்னும் வினையடியிலிருந்தே 'வீடு' பிறந்தது என்பர். உறையும் இல்லத்திற்கும் பற்றற்ற பெருநிலைக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. 'விடுதலை'யும் அவ்வேரில் கிளைத்ததே. ஆகவே சிறை நீங்கி வீடு திரும்புகின்றவன் இரண்டையும் ஒருங்கே அடைந்துவிட்டான் என்று எண்ணிக்கொள்வது நமக்கு எளிதாக இருக்கிறது. கதைகளும் திரைப்படங்களும் அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. ஹெராயினுக்கோ அதையொத்த அபினி வகைப் பொருளுக்கோ ஆட்பட்டுச் சிறை சென்றவர் திறத்தில் இவ்வெண்ணம் கொடிய பிழை. அவர்தம் வாழ்வின் மிக அபாயமான நாட்கள் சிறைக்கதவு திறந்த பிறகே தொடங்குகின்றன.

இது உவமைக்காகச் சொல்வதன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 ஜூலை முதல் 2003 டிசம்பர் வரை விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2007இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயிற்று. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, அம்மாநிலத்தின் ஏனைய மக்களோடு ஒப்பிட, 12.7 மடங்கு. போதைப்பொருள் அளவு மீறி இறக்கும் வாய்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் 129 மடங்கு. இவ்வெண்ணை முதன்முறை படிப்பவர் அச்சுப்பிழையோ என்று ஐயுறுவர். பிழையன்று. பிற நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின.

காரணம் உடலுக்குள் இருக்கிறது. அபினி வகைப் பொருளை நாள்தோறும் எடுத்துக்கொள்பவரின் மூளை அதற்குப் பழகிக்கொள்கிறது. முதலில் மயக்கிய அளவு பின்னர் போதாமற்போகும், அளவு ஏறும், ஏறிய அளவையும் உடல் தாங்கிக்கொள்ளும். பழக்கமில்லாத ஒருவரைக் கொன்றுவிடக்கூடிய அளவை எடுத்துக்கொண்டு அவர் நடமாடுவார். சிறைக்குள் சென்றதும் வரத்து அறுபடுகிறது, அல்லது வெகுவாகக் குறைகிறது. வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, எலும்புவலி, உறக்கமின்மை என்று சில நாட்கள் நரகம். பிறகு தணிந்துவிடும். வாரங்கள் செல்லச்செல்ல, ஈட்டிய தாங்குதிறனை உடல் இழந்துவிடுகிறது. உடல் மறந்ததை மனம் மறப்பதில்லை. பழைய தெரு, பழைய தோழன், கையில் சிறிது காசு, எங்கும் வேலையில்லை என்னும் கசப்பு: இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும், வேட்கை எழுந்து நிற்க. அவர் தம் நினைவிலுள்ள பழைய அளவை எடுக்கிறார். அதைத் தாங்கிய உடல் இப்போது இல்லை. மூச்சு மெல்லக் குறைந்து நின்றுபோகிறது. ஹெராயினைப்போல் ஏறத்தாழ ஐம்பது மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் அமெரிக்கத் தெருக்களில் பரவிய கடந்த பத்தாண்டுகளில், அளவைக் கணிப்பதென்பதே இயலாத காரியமாகிவிட்டது.

இங்கே நம் சிந்தனைக்குரியது ஒன்றுண்டு. 'உள்ளே இருந்தபோது நன்றாகத்தானே இருந்தான்' என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். நீதிபதியும் அவ்வாறே நினைக்கிறார். சிறை மருத்துவரும் 'பழக்கம் இல்லை' என்று குறிப்பெழுதிவிடக்கூடும். அவன் நன்றாக இருந்தான் என்பதே, அதாவது நெடுநாள் எடுக்காமல் இருந்தான் என்பதே, அவனைக் கொல்லக் காத்திருக்கும் காரணம் என்பதை ஒருவரும் உணர்வதில்லை. தடுக்கப்பட்ட நிலையைக் குணமடைந்த நிலை என்று நாம் மயங்குகிறோம்.

இம்மயக்கத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1935இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் அமெரிக்க அரசு ஒரு 'நார்கோட்டிக் ஃபார்ம்' நிறுவியது. பாதி சிறை, பாதி மருத்துவமனை. தண்டனை பெற்ற கைதிகளும் தாமாக வந்து சேர்ந்தவர்களும் அங்கே ஒன்றாக இருந்தனர். பண்ணை வேலை, மாட்டுத்தொழுவம், தூய காற்று, உளவியல் ஆலோசனை எல்லாம் கிடைத்தன. ஜாஸ் இசைக்கலைஞர் பலர் அங்கே தங்கிச் சென்றதனால் உள்ளேயே இசைக்குழுக்களும் நடந்தன. வில்லியம் பரோஸ் அங்கே தங்கியிருந்த அனுபவம் 1953இல் வெளிவந்த 'ஜங்கி' நாவலில் பதிவாகியிருக்கிறது. அக்காலத்தில் இதைவிட நல்லெண்ணம் கொண்ட ஏற்பாடு வேறெதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அங்கிருந்து வெளியேறியவருள் மிகப் பெரும்பான்மையோர் மீண்டும் ஊசியை நாடினர். நகரத்திற்குத் திரும்பிய பிறகு அவர்களுக்கென்று ஒன்றும் இருக்கவில்லை.

1955இல் வெளிவந்த 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' திரைப்படத்தில் ஃபிராங்க் சினாட்ரா ஏற்ற பாத்திரம் லெக்சிங்டனிலிருந்து குணமானவனாகவே ஊர் திரும்புகிறது. பழைய தெரு அவனை மறுபடி இழுத்துக்கொள்கிறது. படம் காட்டும் தீர்வு யாது? ஓர் அறைக்குள் அடைத்துப் பூட்டி, துடிக்கத் துடிக்க அவனை அப்பழக்கத்திலிருந்து பிடுங்கியெடுப்பது. நம்மூர்த் திரைப்படங்களிலும் இதே அறையையும் இதே பூட்டையும் வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். பூட்டிய அறையை மருந்தென நம்பும் கலை, சிறையையும் மருந்தென நம்புவதில் வியப்பில்லை.

ஜேம்ஸ் பால்ட்வின் இதை வேறுவிதமாகக் கண்டார். 1957இல் வெளியான 'சன்னிஸ் புளூஸ்' சிறுகதையில், ஹெராயின் வழக்கில் சிறை சென்ற தம்பி ஹார்லெமுக்குத் திரும்பி வருகிறான். அண்ணன் பள்ளியில் அல்ஜீப்ரா கற்பிப்பவன், ஒழுங்கானவன், அஞ்சுகிறவன். தம்பி மீண்டும் விழுவானா என்ற வினா கதை முழுதும் தொங்குகிறது. பால்ட்வின் அதற்கு விடை சொல்லவில்லை. மீண்டும் நேரக்கூடும் என்று தம்பியே அண்ணனிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான். திருந்திவிட்டேன் என்று அவன் சத்தியம் செய்திருந்தால் அண்ணனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்; கதையோ பொய்த்திருக்கும். இந்நோயின் இயல்பை அக்காலத்துச் சட்டமன்றங்கள் பலவற்றைவிட அச்சிறுகதை நன்கு அறிந்திருந்தது என்பது நம் கருத்து.

மருத்துவம் பின்னர் வந்து சேர்ந்தது. 1965இல் நியூயார்க்கின் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகிய இரு மருத்துவர்கள், மெத்தடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளவாகக் கொடுத்துவரின் ஹெராயின் வேட்கை அடங்குவதையும், நோயாளிகள் வேலைக்கும் படிப்பிற்கும் திரும்புவதையும் கட்டுரையாக வெளியிட்டனர். மெத்தடோனும் அபினி வகையைச் சேர்ந்ததே. ஆயின் மெல்ல ஏறி நெடுநேரம் நிலைப்பது. முறையாகப் பெறுபவர் மயங்கிக் கிடப்பதில்லை. ஓரளவு தாங்குதிறனும் அவரிடம் நிலைத்திருக்கிறது. பின்னாளில் புப்ரநார்ஃபின் வந்தது. ஓர் எல்லைக்கு மேல் அதன் விளைவு கூடுவதில்லை என்பதால் மூச்சடக்கும் அபாயம் குறைவு. அபினிப் பொருளின் செயலையே மறித்துவிடும் நால்ட்ரெக்ஸோனை மாதம் ஒருமுறை ஊசியாகப் போடும் முறையும் உண்டு. முதலிரண்டும் மரணத்தைக் குறைக்கின்றன என்பதில் மருத்துவ உலகில் இன்று பெரிய சர்ச்சை ஏதுமில்லை. இங்கிலாந்துச் சிறைகளில் நடந்து 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இம்மருந்துகளை உட்கொண்ட நிலையிலேயே விடுதலையானவர்கள் முதல் நான்கு வாரங்களில் இறப்பது, அம்மருந்தின்றி வந்தவர்களைவிட 75 விழுக்காடு குறைந்திருந்தது.

அதே 1965ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டுச் சட்டமும் வந்தது. சிறையிலிருப்போர்க்கு அந்நிதியைச் செலவிடலாகாது என்ற விலக்கும் அதனோடு பிறந்தது. நோயை ஆளும் மருந்தைக் கண்டறிந்த ஆண்டிலேயே, அந்நோயாளிகள் பெருந்திரளாக அடைபட்டிருக்கும் இடத்திற்கு அம்மருந்து செல்ல வேண்டிய பாதையும் அடைபட்டது. வரலாறு சில வேளைகளில் நாவலாசிரியரினும் மிகையாக எழுதிவிடுகிறது. விடுதலைக்கு முந்தைய 90 நாட்களில் இவ்விலக்கைத் தளர்த்தும் இசைவை முதலிற்பெற்ற மாநிலம் கலிபோர்னியா. அது கிடைத்தது 2023 ஜனவரியில். ஐம்பத்தெட்டு ஆண்டுகள்.

இதற்கிடையே சிறியதொரு மாநிலம் காத்திராமல் செயற்பட்டது. ரோட் ஐலண்டின் மக்கள்தொகை ஏறக்குறைய பதினொரு இலட்சம். விசாரணைக் கைதிகளும் தண்டனைக் கைதிகளும் அங்கே ஒரே துறையின்கீழ் கிரான்ஸ்டன் நகரத்து ஒரே வளாகத்தில் இருக்கின்றனர். முதலில் அங்கு ஒரு சோதனை நடந்தது. ஏற்கெனவே வெளியில் மெத்தடோன் பெற்றுவந்தோர் கைதானதும், ஒரு சாராருக்கு மருந்தைத் தொடர்ந்தனர். மறுசாராருக்கு வழக்கம்போல் படிப்படியாக நிறுத்தினர். விடுதலைக்குப்பின் ஒரு மாதத்திற்குள், தொடர்ந்து பெற்ற 110 பேரில் 106 பேர் ஊரிலுள்ள மெத்தடோன் நிலையத்திற்குத் திரும்பினர். நிறுத்தப்பட்ட 87 பேரில் திரும்பியவர் 68 பேர். இது 2015இல் 'லான்செட்' இதழில் வெளியானது. சிறையில் மருந்தை நிறுத்துவது அந்தச் சில வாரங்களோடு முடிவதில்லை, ஊரில் சிகிச்சைக்குத் திரும்பும் வழியையும் அது குலைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

2016இல் அம்மாநிலம் மேலும் ஓரடி வைத்தது. சிறைக்குள் வரும் ஒவ்வொருவரிடமும் இந்நோய் உண்டா எனக் கேட்டறிவது. மருந்து பெற்றுவந்தவர்க்குத் தொடர்வது. பெறாதவர்க்கு மூன்று மருந்துகளுள் பொருந்துவதைத் தொடங்குவது. வெளியேறும்போது ஊர்ச் சிகிச்சை நிலையத்தின் கையில் ஒப்படைப்பது. சிறைக்குள் மருந்து கொடுத்த நிறுவனமே வெளியிலும் நிலையங்கள் நடத்தியதால் அந்த ஒப்படைப்பு காகிதத்தோடு நின்றுவிடவில்லை. விளைவு 2018இல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வெளிவந்தது. 2016இன் முதல் ஆறு மாதங்களில் அளவு மீறி இறந்த 179 பேரில், அதற்கு முந்தைய ஓராண்டிற்குள் சிறையிலிருந்தவர் 26 பேர். 2017இன் முதல் ஆறு மாதங்களில் 157 பேரில் ஒன்பது பேர். முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்த கணக்குத்தான் இது. சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனையன்று. சிறிய மாநிலம், ஒரே வளாகம் என்னும் வசதிகள் எங்கும் வாய்ப்பதுமில்லை. இவற்றைக் கழித்த பின்னும் 26 எங்கே, 9 எங்கே என்ற வினா மிஞ்சி நிற்கிறது.

எதிர்ப்புகள் இல்லாமலில்லை. அவற்றுள் மிகப் பழையது 'ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதையா' என்பது. கேட்பதற்கு நேர்மையாக ஒலிக்கும் இவ்வினா, நோயையும் வேதிப்பொருளையும் ஒன்றெனக் கருதுகிறது. காலையில் மருந்தை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய், மாலையில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் ஒருவரையும், அடுத்த ஊசிக்காக ஊரெல்லாம் திருடி அலையும் ஒருவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. இரண்டாவது எதிர்ப்பு சிறைக் காவலர்களுடையது: மருந்து கைமாறும், விற்கப்படும், வன்முறை மூளும். இதில் உண்மை இருக்கிறது. புப்ரநார்ஃபின் கள்ளத்தனமாகச் சிறைக்குள் கடத்தப்படுவது அங்குள்ளோர் நன்கறிந்த செய்தி. கண்முன் உட்கொள்ளச் செய்தல், நீடித்துச் செயற்படும் ஊசி என்று இதற்கு வழிகள் உண்டு. தவிரவும், வலியில் துடிப்பவர்க்கு முறையாகக் கிடைக்காத இடத்தில்தானே கள்ளச்சந்தை கொழிக்கும்?

மூன்றாவது எதிர்ப்பை வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை, அதுவே வலிமையானது. இவன் தாயின் சங்கிலியை விற்றவன், மனைவியை அடித்தவன், தங்கையின் திருமணப் பணத்தைக் கரைத்தவன். இவனுக்கு அரசு செலவில் மருந்தா? இக்கோபத்தை இழிவாக எண்ண நமக்கு மனமில்லை. சர்க்கரை நோயைப்போலவே இதுவும் ஒரு நோய் என்று மருத்துவர்கள் சொல்லும்போது நாம் சற்றுத் தயங்குவதும் இதனால்தான். சர்க்கரை நோயாளி தாயின் சங்கிலியை விற்பதில்லை. பால்ட்வினின் கதையில் சிறையிலிருக்கும் தம்பிக்கு அண்ணன் நெடுநாள் கடிதமே எழுதுவதில்லை. தன் குழந்தை இறந்த பிறகே எழுதுகிறான். காயம்பட்ட குடும்பங்களின் மௌனம் அத்தகையது. நாம் சொல்ல விழைவது இவ்வளவே: மன்னிப்பது குடும்பத்தின் உரிமை. அதற்கு ஐந்தாண்டு ஆகலாம், நிகழாமலே போகலாம். மருந்துக்குக் கிடைத்திருக்கும் அவகாசமோ பதினான்கு நாட்கள். ஒன்றை மற்றொன்றுக்கு நிபந்தனையாக்கினால் மன்னிக்கப்பட வேண்டியவனே இல்லாமற்போவான்.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம், மருந்து 95ஆம் அதிகாரம், இடையில் சூது. கள்ளுண்டு களித்திருப்பவனுக்குக் காரணம் எடுத்துரைப்பது, நீரில் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவதற்கு நிகர் என்று வள்ளுவர் முன்னதில் சொல்லியிருக்கிறார். அறிவுரையே மருந்தென்று நம்பும் நம் மேடைகள் அதை ஏனோ நினைப்பதில்லை. பின்னதன் இறுதிக் குறளில் சிகிச்சைக்கு உறுப்புகள் நான்கு என்கிறார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து அதை இயற்றுவோன். சிறைவாயிலில் இந்த நான்காமவனே காணாமற்போகிறான். கலிபோர்னியாவில் விடுதலையாகிறவர் கையில் 200 டாலர் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அமெரிக்கச் சிறைகள் சிலவற்றிலிருந்து நள்ளிரவு கடந்து வெளியேற்றப்படுவதும் உண்டு. அந்நேரத்தில் அவர்க்குத் திறந்திருக்கும் கதவு எது என்பதை விளக்க வேண்டியதில்லை. மெத்தடோனையோ உரிமம் பெற்ற நிலையத்திற்குச் சென்றே பெற வேண்டும். அடையாள அட்டை வேண்டும், பேருந்து வேண்டும், கைப்பேசி வேண்டும், படுக்க ஓரிடம் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மருந்து தவறும். ஆகவே சிகிச்சை என்று நாம் சொல்வது மாத்திரையை மட்டுமன்று. அவரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒருவரையும் சேர்த்தே. அவ்வேலையைத் தாமும் சிறையிலிருந்து மீண்டவர்கள் செய்யும்போது நன்கு நடக்கிறது என்று அங்குள்ள களப்பணியாளர் கூறுவதில் பொருளுண்டு. மூச்சு நின்றவரை மீட்கும் நலாக்ஸோன் மூக்குத்தெளிப்பானை விடுதலைப் பையில் வைத்துக் கொடுப்பதும் இதில் அடங்கும். 2023 முதல் அங்கே அது மருத்துவர் சீட்டின்றியே கிடைக்கிறது.

நீதிமன்றங்களும் அங்கே கண் திறந்தன. சிறைப்பட்டதைக் காரணம் காட்டி மருத்துவர் பரிந்துரைத்த இம்மருந்தை மறுப்பது மாற்றுத்திறனாளிகள் சட்டத்திற்கு முரணாகக்கூடும் என்று 2018இல் மாசசூசெட்ஸிலும் 2019இல் மெய்னிலும் கூட்டரசு நீதிபதிகள் இடைக்கால ஆணை பிறப்பித்தனர். 2022இல் நீதித்துறை அமைச்சகமும் அதை வழிமொழிந்தது.

இந்தியாவுக்கும் இது அந்நியச் செய்தியன்று. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி அபினி வகைப் பொருட்களைப் பயன்படுத்துவோர் இங்கு ஏறத்தாழ 2.26 கோடி பேர். அவருள் அதனால் தீங்குற்றோரும் அடிமைப்பட்டோரும் சுமார் 77 இலட்சம். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவு, உட்கொண்ட குற்றத்திற்காகவோ சிற்றளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளி எனக் காணப்பட்டவரை உடனே சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. 64ஏ பிரிவு, தாமாக முன்வந்து சிகிச்சை பெறுபவரை வழக்கிலிருந்து காக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடின் அக்காப்பு பறிக்கப்படலாம். நல்ல பிரிவுகளே. ஆனால் 'முழுமையாக முடித்தல்' என்னும் சொற்களில் லெக்சிங்டனின் பழைய நம்பிக்கை குடியிருக்கிறது. ஒருமுறை வழுக்கினால் ஒப்பந்தம் முறிந்தது என்று கொள்ளும் சட்டம் நோயின் போக்கை அறியாதது. திகார் சிறையில் 2008இலேயே புப்ரநார்ஃபின் சிகிச்சை தொடங்கப்பட்டது. பஞ்சாப் 2017 முதல் புறநோயாளிகளுக்கான நிலையங்களை நடத்துகிறது. அங்குச் சிறைகளுக்கும் அது சென்றிருக்கிறது. அறியாமை என்று இனி யாரும் சொல்லிவிட முடியாது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போருள் நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு விடுதலைத் தேதி என்று ஒன்றில்லை; பிணை ஆணை என்று வருகிறதோ அன்று கதவு திறக்கும். தண்டனை முடிவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்து சிகிச்சையைத் தொடங்கலாம் என்று வகுக்கும் திட்டம் எதுவும் இவர்களை எட்டாது. ரோட் ஐலண்டில் உள்ளே வந்த நாளிலேயே கேட்டறிந்து தொடங்கியதன் நுட்பம் இங்கேதான் நமக்குப் பொருந்துகிறது. பிணை ஆணை மாலையில் சிறையை அடைகிறது. இருட்டும் வேளையில் அவர் வெளியே வருகிறார். மறுநாள் காலை வேளை மருந்தை அவர் எந்த ஊரில், எந்த வாயிலில், யாரிடம் பெறுவார் என்பது, அவர் சிறைக்குள் நுழைந்த அன்றே அவருடைய மருத்துவக் குறிப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.